ஒரு தட்டுக்கு இருபது

அன்று காலையில் அவர்கள் பற்பசைக்காகச் சண்டை போட்டார்கள். தீர்ந்துவிட்டது என்றார் அவர். தீரவில்லை என்றாள் அவள். கத்தரிக்கோலை எடுத்து வந்து, குழாயின் வயிற்றை நீளவாக்கில் கிழித்து, உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது என்னது? மூணு பேருக்கு ரெண்டு நாள் வரும்."

"குழாயைக் கழுவிக் குடிச்சா நாலு நாள் வரும். அதையும் எழுதிக்கோ."

"குடிங்க. யாரு வேண்டாம்னா?"

அவர் விரலால் வழித்துப் பல் தேய்த்தார். வேண்டுமென்றே நிறைய வழித்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அலமாரித் தட்டில் வரிசையாக இருந்த டப்பாக்களில் 'பஸ்' என்று எழுதியிருந்ததைத் திறந்து பன்னிரண்டு ரூபாயும், 'டீ' என்று எழுதியிருந்ததிலிருந்து எட்டும் எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் எண்ணிப் பார்த்தார். எண்ண வேண்டியதில்லை, ஆனாலும் தினமும் எண்ணுவார். அவளுக்கு எரிச்சல் வரும் என்பதற்காகவே ஒவ்வொன்றாக எண்ணுவார்.

"சரியா இருக்கா?"

"உன்கிட்ட தப்பா இருக்குமா? எமன் வந்து கூப்பிட்டாலும் ரசீது இருக்கான்னு கேப்ப."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். கொஞ்சம் ஓங்கித்தான் சாத்தினார். கீழ்வீட்டு நாய் குரைத்தது.

மதியம், ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில், லிஃப்டின் மோட்டார் அறையில், கம்பி வடத்துக்குக் கிரீஸ் தடவிவிட்டு அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்தவர் தூங்குகிறார் என்று நினைத்து, ஒரு பீடி முடியும்வரை விட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இதயம் என்றார்கள். இதற்கு முன்னால் நெஞ்சுவலி என்று ஏதாவது சொன்னாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள். சோறு தண்ணி ஒழுங்காக எடுத்துக்கொள்வாரா என்று கேட்டார்.

"கம்மியாத்தான் சாப்பிடுவார்," என்றாள். சொல்லும்போது அவள் குரலில் லேசான பெருமைகூட இருந்தது. அதை அவள் பின்னாளில் நினைத்து நினைத்துக் கூசிப்போனாள்.

*

கடன் அவளுடையது அல்ல. அவருடையதும் அல்ல. அவர் தம்பி செல்போன் கடை வைக்கப்போகிறேன் என்று பைனான்ஸில் வாங்கியது. ஜாமீன் கையெழுத்து லிஃப்ட் வேலை செய்யும் இவருடையது. வீட்டுப் பத்திரமும் அவர்களிடம் போனது. கடை பதினோரு மாதம் ஓடியது. பன்னிரண்டாவது மாதம் ஷட்டர் இறங்கியது, தம்பி எந்த ஊர் பஸ் ஏறினான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பைனான்ஸ் ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவார். வீட்டில் அவருக்குப் பெயரே செவ்வாய்க்கிழமை. அவர் முதன்முதலாக வந்து, பத்திரம், ஏலம் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போன இரவில் அவள் அழவில்லை. பைண்டிங் கடையில் வேலை செய்கிறவள்; அச்சான தாள்களைப் பாரம் பாரமாக மடித்து, தைத்து, ஓரம் வெட்டுகிறவள். வெட்டிக் கழித்த காகிதத் துண்டுகள் வீடு நிறையக் கிடக்கும். ஒரு துண்டை எடுத்தாள். கணவர் சம்பளம் பதினாறாயிரம், தன்னுடையது ஒன்பதாயிரம். தவணை பதினோராயிரத்து எண்ணூறு. நாற்பது மாதம்.

"நாப்பது மாசம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டினா முடிஞ்சுது. யார்கிட்டயும் போயி நிக்க வேண்டாம்," என்றாள்.

"நாப்பது மாசமா?"

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி."

அப்படித்தான் டப்பாக்கள் வந்தன. பால், பஸ், டீ, கரண்ட், பள்ளிக்கூடம், மருந்து. ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி எழுதினாள். தவணைக்கான டப்பா எல்லாவற்றையும்விடப் பெரியது. அதன்மேல் 'கடன்' என்று எழுதவில்லை; 'தம்பி' என்று எழுதினாள். அவர் தினமும் அந்த எழுத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். அவள் தினமும் முன்பக்கம் திருப்பி வைப்பாள்.

எல்லாவற்றுக்கும் சண்டை வந்தது. பேப்பர் நிறுத்தியதற்கு, சோப்பை இரண்டாக அறுத்ததற்கு, நடையில் பல்பைக் கழற்றியதற்கு. மகளுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்று சீட்டு கொண்டுவந்தாள். அம்மா டப்பாவைக் காட்டினாள். மகள் சீட்டை நாலாகக் கிழித்து அதே டப்பாவில் போட்டாள். அதற்கும் அடி விழுந்தது.

சோற்றுக்கு ஒரு விதி வைத்திருந்தாள். ராத்திரி பானையில் மீந்தால், மறுநாள் அரிசியில் ஒரு கைப்பிடி குறை. மீந்துகொண்டே இருந்தால் குறைத்துக்கொண்டே போ. எங்கே மீதி நிற்கிறதோ அதுதான் வீட்டின் உண்மையான பசி என்பது அவள் கணக்கு. ஆரம்பத்தில் நாலு டம்ளர் அரிசி போட்டாள். ஆறாவது மாதத்திலிருந்து மீந்தது. மீதி பெரும்பாலும் அவர் தட்டிலிருந்து வந்தது. "போதும்" என்று பாதியில் கை கழுவிவிடுவார். மூன்றரை, மூன்று, இரண்டே முக்கால். ஒரு வருடத்துக்குள் இரண்டரை டம்ளரில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் இரண்டாம் தடவை கேட்பார். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் வாய் கேட்கும் என்று, ஞாயிறுக்கு ஒரு கைப்பிடி தனியாக ஒதுக்கினாள்.

பைண்டிங் கடையில் இதைச் சொல்லுவாள். பசை தடவிக்கொண்டே மற்றப் பெண்கள் கேட்பார்கள்.

"எப்படிக்கா? எங்க வீட்டுல நாலு டம்ளர் போட்டாலும் பானையைச் சுரண்டுதுங்க."

"அளவு தெரியாம வடிக்கிறீங்க. பாதி பசி வாய்ப்பழக்கம். ரெண்டு மாசம் குறைச்சுப் பாரு, உடம்பு தானா கேட்டுக்கும்."

இரண்டு பேர் குறைத்துப் பார்த்தார்கள். ஒருத்தியின் வீட்டுக்காரர் பானையைத் தூக்கி வாசலில் போட்டாராம். அவளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். தன் வீட்டில் அப்படி நடக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

*

முப்பத்தோராவது மாதம் அவர் போய்விட்டார். எடுத்துப்போய், எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைகிற நேரத்தில் அவருடைய அக்கா வாய் திறந்தாள்.

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. முன்னறையில் மேசை போட்டு, தெருவுக்கெல்லாம் துணி தேய்த்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். இருபது வருடம் சூட்டிலேயே நின்றதில் முகம் எப்போதும் சிவந்து, இப்போதுதான் யாருடனோ சண்டை போட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருக்கும். பாதி நாள் அது உண்மையாகவும் இருக்கும்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க," என்றாள். "என் தம்பி நெஞ்சுவலில சாகல. பட்டினில செத்தான்."

கூட்டம் அப்படியே நின்றது.

"அண்ணி, இன்னிக்கு வேண்டாம்," என்றாள் அவள்.

"என்னிக்குப் பேசறது? அதுக்கும் ஒரு டப்பா வச்சிருக்கியா? எடுத்துட்டு வா, அதுல போட்டு வைக்கிறேன்."

"அவருக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"என்ன வச்ச, அதச் சொல்லு முதல்ல! ரெண்டு வருஷமா தினமும் சாயங்காலம் அவன் எங்க சாப்பிட்டான்னு தெரியுமா உனக்கு? என் வீட்டுல. வேலை விட்டு நேரா வருவான். 'அக்கா, ஒரு தட்டு போடு'ம்பான். முகத்தைக்கூட பாக்க மாட்டான். தின்னுட்டு, உன்கிட்ட வந்து ரெண்டு வாய் கொறிச்சுட்டு, போதும்பான். நீ பெரிய நிர்வாகின்னு பானையில அரிசியைக் குறைச்ச. நீ மிச்சம் பிடிச்சதெல்லாம் என் அடுப்புல வெந்ததுடி!"

"பொய்."

"பொய்யா? உன் பொண்ணக் கேளு."

மகள் சுவரோரமாக நின்றிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அவர் சாயங்காலம் நாற்பது நிமிஷம் தாமதமாக வருவது அவளுக்கு நினைவு வந்தது. நடந்து வந்தேன் என்று, திரும்புகிற பஸ்ஸுக்கான ஆறு ரூபாயைப் பஸ் டப்பாவில் போடுவார். அதை அவள் மெச்சியிருக்கிறாள். ஒருமுறை கடைப்பெண்களிடம் அதையும் சொல்லியிருக்கிறாள்.

அன்று இரவு மகளைக் கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நானும் சனிக்கிழமை போவேன். அத்தை முட்டை குடுக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? எங்க ரெண்டு பேர் சோத்தையும் கழிச்சிட்டு உலை வைப்ப."

"சொல்லாமயே கழிச்சிட்டேனேடி," என்றாள்.

மகள் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள். அவள் விழித்தே கிடந்தாள். பற்பசைக்குச் சண்டை, சோப்புக்குச் சண்டை, பல்புக்குச் சண்டை. முப்பத்தோரு மாதத்தில் சோற்றுக்கு மட்டும் அவர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. தம்பிக்காகக் கையெழுத்துப் போட்டவனுக்குப் பசிக்கிறது என்று சொல்லும் உரிமை கிடையாது என்று அவராகவே முடிவு செய்திருக்க வேண்டும். அந்தக் காலைச் சண்டைகள் எல்லாம் அந்தச் சொல்லாத ஒன்றுக்காகத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் துக்கத்தைவிட முதலில் கோபம்தான் வந்தது. என்னை முட்டாளாக்கிவிட்டார். இருவரும் சேர்ந்து. மூவரும் சேர்ந்து.

*

பதினைந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அதற்கு முன்னால் கழற்றியதில்லை.

"சாருக்கு இப்படி ஆகும்னு நெனைக்கல மேடம். ஆனா ஆபீஸ்ல கேக்கறாங்க."

"என்ன கேக்கறாங்க?"

"இன்னும் ஒம்போது இருக்கு. வீட்டை அவங்களே எடுத்துக்கட்டும்னு சொல்றீங்களா, இல்ல…"

"ஒம்போதும் வரும். அதே தேதில வரும். நீங்க செவ்வாய்க்கிழமை வர வேண்டாம், நானே கொண்டு வந்து கட்டறேன். உங்க செருப்புச் சத்தம் கேட்டா பொண்ணு படிக்க மாட்டேங்கறா."

கணவர் வேலை செய்த லிஃப்ட் கம்பெனியில் கணக்கு முடித்து எழுபதாயிரம் கொடுத்தார்கள். மீதியை ஒன்பதால் வகுத்தாள். தன் சம்பளத்தில் மாதம் நாலாயிரத்துச் சொச்சம் போக வேண்டும். வீடு அவளுக்கும் மகளுக்கும் மிஞ்ச வேண்டும், யார் கையையும் எதிர்பார்க்காமல் மிஞ்ச வேண்டும். யாரிடமும் கை நீட்டவில்லை என்ற பெருமை ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. அதைத்தான் நாத்தனார் கூட்டத்தின் நடுவே பிடுங்கிக்கொண்டு போயிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு தெரு நடந்தாள்.

நாத்தனார் ஒரு வெள்ளைச் சட்டையின் கைமடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, தண்ணீர் தெளித்து, மறுபடி பெட்டியை அழுத்தினாள். புஸ் என்று ஆவி எழுந்தது.

"எத்தனை தட்டு?" என்றாள் அவள்.

"என்ன?"

"எத்தனை தட்டு போட்டீங்க அவருக்கு? வாய்க்கு வந்தபடி ரெண்டு வருஷம்னு சொன்னா ஆச்சா? கணக்கு இருக்கா?"

நாத்தனார் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மேசைக்குப் பின்னால் சுவரைக் காட்டினாள். அங்கே பென்சிலால் வீட்டு எண்களும், எண்ணுக்கு நேரே கோடுகளும் இருந்தன. தேய்த்த துணிக்குக் கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. காசு வந்ததும் ஈரத்துணியால் அழித்துவிடுவாள். கீழே, ஆள் குனிந்து பார்க்கிற உயரத்தில் ஒரு வரிசை. அதற்கு மட்டும் எண் இல்லை. மூலைவரை போய், மடங்கி, அடுத்த சுவரிலும் ஓடியது.

"தம்பிக்கு ஏன் கோடு போட்டீங்க?"

"அவன்தான் போடச் சொன்னான். கடன் முடிஞ்சதும் குடுத்துடறேன்னான். நான் சிரிச்சேன். போடலன்னா சாப்பிட மாட்டேன்னு உக்காந்துட்டான், கழுதை."

அவள் குனிந்தாள். எண்ணத் தொடங்கினாள். நாத்தனார் சட்டையை மடித்தாள், அடுத்ததை விரித்தாள். இடையில் ஓர் ஆள் வந்து பேன்ட் வாங்கிக்கொண்டு, சுவரைத் தடவிக் குனிந்திருக்கிற பெண்பிள்ளையை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

"நூத்தி இருபத்திரெண்டு கட்டும், ரெண்டு கோடும். அறுநூத்திப் பன்னெண்டு."

"உனக்குத் தெரியாத கணக்கா?"

"ஆனா இதுல இருபத்திநாலு நாள் அவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். அந்த நாளெல்லாம் நான் பஸ் காசு குடுக்கல, எழுதி வச்சிருக்கேன். ஊர்ல இல்லாத ஆளு இங்க எப்படிச் சாப்பிட்டார்?"

"பொட்டலம் கட்டிக் குடுத்தேன்! கம்பெனி வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி வந்து வாங்கிட்டுப் போவான். அதையும் உன்கிட்ட ரசீது போட்டுக் குடுக்கணுமா?"

"சரி. அறுநூத்திப் பன்னெண்டே இருக்கட்டும். தட்டுக்கு என்ன விலை?" என்றாள்.

நாத்தனாரின் முகம் இன்னும் சிவந்தது.

"கூடப்பொறந்தவனுக்குப் போட்ட சோத்துக்கு விலை பேச வந்தியா? போடி வெளிய."

"பத்து."

"வெளிய போன்னு சொன்னேன்."

"தட்டுக்குப் பத்து. ஆறாயிரத்து நூத்தி இருபது."

"பத்தா?" நாத்தனார் பெட்டியைத் தட்டென்று வைத்தாள். "பத்துக்கு என்னடி வரும்? முட்டை விலை தெரியுமா உனக்கு? வாங்கினாத்தானே தெரியும்! பருப்பு என்ன விலை? எண்ணெய் என்ன விலை? வெறும் உப்புத்தண்ணி ஊத்தினேன்னு நெனச்சியா என் தம்பிக்கு? பத்தாம்ல பத்து!"

"அப்போ பதினஞ்சு."

"இருபதுக்கு ஒத்தக் காசு குறையாது."

சொன்ன பிறகுதான் நாத்தனாருக்குத் தான் விலை சொல்லிவிட்டது உறைத்தது. அவள் காகிதத் துண்டை எடுத்துப் பெருக்கினாள்.

"பன்னெண்டாயிரத்து இருநூத்தி நாப்பது. பொண்ணு தின்னது எவ்வளவு?"

"அதுக்கெல்லாம் கோடு போடல. குழந்தை வாயில போறத எண்ண நான் என்ன நீயா?"

அந்த அடி விழுந்த இடம் அவளுக்குத் தெரிந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஒம்போது மாசம் கழிச்சுதான் ஆரம்பிப்பேன். வட்டிக் கடன் முதல்ல. வட்டி இல்லாதது கடைசி."

"ஓ, நான் வரிசையில கடைசியா? அப்போ வட்டி போடவா?"

"போடுங்க. எவ்வளவு?"

நாத்தனார் அடுத்த சட்டைமேல் தண்ணீரை அடித்தாள். பாதி அவள்மேல் தெறித்தது.

*

ஒன்பது மாதம் எப்படிப் போனது என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் பைண்டிங், இரவில் வீட்டுக்கே பாரம் கொண்டுவந்து மடிப்பு. விரல்களின் நுனி வழவழப்பாகிவிட்டது. காகிதம் நழுவும், எச்சில் தொட்டு எடுக்க வேண்டும். பால் நின்றது. மகள் சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போவதை அவள் தடுக்கவில்லை. போகாதே என்று சொல்ல வாய்வரை வரும். அடுப்பைப் பார்ப்பாள், விட்டுவிடுவாள். மகள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை.

இப்போது அரிசியைக் கைப்பிடி குறைக்கவில்லை. மீந்தாலும் அதே அளவுதான் போட்டாள். மீந்ததை மறுநாள் காலையில் தானே தின்றாள்.

நாற்பதாவது தவணை கட்டிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்த அன்று, கடைப்பெண்கள் தங்களுக்குள் காசு போட்டு ரொட்டி வாங்கி வைத்திருந்தார்கள்.

"சாதிச்சுட்டீங்கக்கா. ஒத்த ஆள் தயவு இல்லாம நிமிர்ந்துட்டீங்க."

"இல்ல," என்றாள்.

"என்ன இல்ல?"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. நான் உங்களுக்குச் சொன்ன சோத்துக் கணக்கு தப்பு. யாரும் அரிசியைக் குறைக்காதீங்க."

ஏன் என்று கேட்டார்கள். அவள் பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், பானை வாசலுக்குப் போன வீட்டுக்காரி, அன்றைக்கு முழுக்க இவளை முறைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாதம் முதல் தேதி, ஐந்நூறு. நாத்தனார் நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒண்ணு ஓரம் கிழிஞ்சிருக்கு."

"போகும்."

"எங்க போகும்? உன் பைண்டிங் கடையில ஒட்டித் தருவாங்களா?"

அடுத்த மாதம் புது நோட்டாகக் கொண்டுபோனாள். "வீட்டுலயே அடிக்கிறியா?" என்றாள் நாத்தனார். மூன்றாம் மாதம் பெரும் மழை, நனைந்துகொண்டே போனாள். நாத்தனார் உலர்ந்த துணிகள்மேல் சொட்டுகிறது என்று கத்தினாளே தவிர, துடைக்க ஒரு துணி கொடுக்கவில்லை. இப்படியே இருபத்துநாலு மாதம். ஒரு மாதம்கூட நாத்தனார் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மாதம்கூட இவள் தேதி தப்பவில்லை. யாராவது ஒருத்தி விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று தெருவில் சொன்னார்கள். அந்தக் கணக்கு நின்றுபோனால் அவரைப் பற்றிப் பேச இருவருக்கும் வேறு வழி இருக்காது என்பது தெருவுக்குத் தெரியாது. அந்தப் பெண்களே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இருபத்தைந்தாவது மாதம் இருநூற்று நாற்பது. நாத்தனார் எண்ணினாள். டிராயரில் போட்டாள்.

"ஆச்சா?"

"ஆச்சு. அழிச்சுடுங்க."

நாத்தனார் ஈரத்துணியை எடுத்தாள். சுவரண்டை போய்க் குனிந்தாள். முதல் கட்டின்மேல் துணியை வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு துணியை மேசைமேல் எறிந்தாள்.

"என் சுவரு. எப்ப அழிக்கணும்னு எனக்குத் தெரியும். நீ கிளம்பு."

அவள் கிளம்பவில்லை. இரண்டு வருடமாகக் கேட்க நினைத்து வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அவர் எங்க உக்காந்து சாப்பிடுவார்?"

"உக்காந்தா?" நாத்தனார் சிரித்தாள், சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. "மொதல் நாள் கோடு போடலன்னு அடம் புடிச்சு அந்த வாசப்படியில உக்காந்தான், அவ்வளவுதான். அதுக்கப்புறம் உன் புருஷன் எங்க உக்காந்தான்? தட்டை இந்த மேசை மூலையில வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே திம்பான். ஒரு முக்காலி வாங்கிப் போடறேன்டான்னு எத்தனை தடவை சொன்னேன். வேண்டாங்கா, உக்காந்தா நேரமாயிடும், அவ கேப்பாம்பான். கதவையே பாத்துக்கிட்டுத் திம்பான், திருடன் மாதிரி. போதுமா? இதையும் உன் துண்டுக் காகிதத்துல எழுதிக்கோ."

அவள் மேசை மூலையைப் பார்த்தாள். ஒரு தட்டு வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அங்கே இப்போது யாருடைய சட்டைகளோ அடுக்கியிருந்தன.

"வரேன்," என்றாள்.

நாத்தனார் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

இப்போதும் மகள் சனிக்கிழமைகளில் போகிறாள். வேலைக்குப் போகிற பெண்ணாகிவிட்டாள். தன் துணியையும் அம்மாவின் துணியையும் அங்கேதான் தேய்க்கக் கொடுக்கிறாள், காசு கொடுத்துத்தான் வாங்குகிறாள். சாப்பிட்டும் வருகிறாள். அவர் நின்று சாப்பிட்ட அந்த மேசை மூலையில் இன்றும் உட்கார ஒரு முக்காலி கிடையாது.